சில்லறை விளையாட்டுகளின் மகத்தானவர்கள்: தேர்வுக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
தலைவரும் உறுப்பினர்களும்,
தேசிய விளையாட்டு விருதுத் தேர்வுக் குழு,
புது தில்லி.

பொருள்: சில்லறை விளையாட்டுகளில் மகத்தானவர்களைத் தேடும் சிரமத்திலிருந்து குழுவை விடுவிப்பது தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

ஆண்டுதோறும் தாங்கள் படும் பாட்டை நினைத்தால் மனசு கேட்கவில்லை. ஒரு நாட்டில் இத்தனை விளையாட்டு இருக்கவே கூடாது. கிரிக்கெட் ஒன்று போதும்; மிஞ்சிப்போனால் ஹாக்கி, பழைய விசுவாசத்துக்கு. ஆனால் பாருங்கள், கபடிக்காரன் வந்து நிற்கிறான், கோ கோ வந்து நிற்கிறது, சிலம்பம் கம்போடு வாசலில் காத்திருக்கிறது. இந்தக் கூட்டத்தில் நானும் முண்டியடித்து உள்ளே நுழைவதற்கு மன்னிக்கவும். நான் கேரம் தரப்பு. ஆடுகிறவன் இல்லை. போர்டைச் சுற்றி நின்று, "அந்த வெள்ளையைக் கட் பண்ணுடா" என்று யோசனை சொல்லியே வயசானவன்.

எங்கள் ஆட்டத்தைப் 'பொழுதுபோக்கு' என்று எல்லோரும் சொல்கிறார்கள். மேசைமேல் ஆடுவதால் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் கேல் ரத்னா பிறந்த 1991-92இலேயே அதை வாங்கியவர் விஸ்வநாதன் ஆனந்த். அவரும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து ஆடியவர்தான். அடுத்த முறை பில்லியர்ட்ஸ் ஆடிய கீத் சேத்தி. 2005-06இல் பங்கஜ் அத்வானி. மூன்று பேருமே முழுத் தகுதியானவர்கள், அதில் எனக்குத் தகராறு கிடையாது. ஆக, மேசைமேல் குற்றமில்லை. மேசை யார் வீட்டில் கிடக்கிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்க வேண்டும். பில்லியர்ட்ஸ் மேசை பன்னிரண்டடி நீளம், பச்சைத் துணி போர்த்தியது, கிளப்புக்குள் குடியிருப்பது. எங்கள் போர்டு 74 சென்டிமீட்டர் சதுரம். தெருமுனைக் கொட்டகையில் ஒரு தகர டிரம்மின் மேல் உட்கார்ந்திருக்கும், தலைக்குமேல் ஒரு குண்டு பல்பு தொங்கும். மழைக்காலத்தில் பலகை ஈரம் குடித்து, காய் நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அப்போது இன்னும் கொஞ்சம் போரிக் பவுடர் தூவுவோம். எங்கள் உள்கட்டமைப்பு வசதி அவ்வளவுதான்.

அர்ஜுனா விருது 1961இல் தொடங்கியது. அந்த முதல் பட்டியலிலேயே போலோ இருந்தது. நாட்டின் அத்தனை தெருப் பிள்ளைகளும் சாயங்காலமானால் குதிரையேறிப் போலோ ஆடிக்கொண்டிருந்த காலம் அது என்பதால், குழுவின் தேர்வில் பிழை காண முடியாது. கேரமுக்கு முதல் அர்ஜுனா வந்தது 1996இல். முப்பத்தைந்து ஆண்டு இடைவெளி. குதிரை வாங்க எங்களுக்கு அவ்வளவு நாள் அவகாசம் கொடுத்தீர்கள், நாங்கள்தான் வாங்கவில்லை.

அந்த அர்ஜுனாவை வாங்கியவர் சென்னைக்காரர், மரிய இருதயம். 1991இலும் 1995இலும் உலகச் சாம்பியன். தேசியப் பட்டம் ஒன்பது முறை. இதையெல்லாம் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, கோப்பில் இருக்கும். கோப்பில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கேரமில் 'ஒயிட் ஸ்லாம்' என்று ஒன்று உண்டு. ஆட்டத்தைத் தொடங்குகிறவர், தன் முதல் முறையிலேயே ஒன்பது வெள்ளையையும் 'ரெட்' என்னும் சிவப்புக் காயையும் குழிக்குள் போட்டுவிடுவார். எதிராளிக்கு ஸ்ட்ரைக்கரைத் தொடும் பாக்கியமே கிடைக்காது, நெற்றியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கிரிக்கெட்டில் ஒரு ஓவரில் ஆறு சிக்சர் அடித்தவரின் பெயர் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒயிட் ஸ்லாம் அடித்தவர் பெயரைக் கேளுங்கள், கேட்கிறவரைத்தான் விநோதமாகப் பார்ப்பார்கள்.

கேரமுக்கு இன்றுவரை கிடைத்த மிகப் பெரிய கைத்தட்டல் 2018இல் வெளியான 'வட சென்னை' படத்தில், தனுஷ் ஸ்ட்ரைக்கரைச் சுண்டியபோது கிடைத்ததுதான். அன்று தியேட்டரில் விசில் பறந்தது. சினிமாவுக்கான தேசிய விருது தங்கள் இலாகாவில் வராது என்பதால் அந்தப் பேச்சை இத்தோடு விடுகிறேன்.

இனி ஒலிம்பிக். "ஒலிம்பிக்கில் இல்லாத ஆட்டம்" என்ற ஒரே வரியில் எங்கள் வாயை அடைத்துவிட முடியும், ஒப்புக்கொள்கிறேன். அதனால் ஒலிம்பிக்கில் என்னதான் இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்தேன். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் உயிருள்ள புறாவைச் சுட்டிருக்கிறார்கள். அதே பாரிஸில் கிரிக்கெட்டும் நடந்தது. மொத்தம் இரண்டே அணி, இங்கிலாந்திலிருந்து வந்த கிளப்காரர்கள் பிரான்சைத் தோற்கடித்தார்கள். கயிறு இழுக்கும் போட்டி 1920 வரை இருந்தது. 1928இல் நகரமைப்பு வரைபடத்துக்குப் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள், நம்புங்கள். 2024இல் மறுபடியும் பாரிஸ், இந்த முறை பிரேக் டான்ஸ்.

இவற்றில் என் நெஞ்சைத் தொட்டது கர்லிங். 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கிலிருந்து முறையான பதக்க விளையாட்டு. பனித்தரையில் ஒரு வட்டமான கல்லைச் சறுக்கிவிட வேண்டும். அது போய் எதிராளியின் கல்லை இடித்துத் தள்ளிவிட்டு, நடு வட்டத்தில் நிற்க வேண்டும். கல் போகிற வழியில் உராய்வைக் குறைக்க இரண்டு பேர் துடைப்பத்தால் பரபரவென்று பெருக்கிக்கொண்டே ஓடுவார்கள். இதை முதன்முதலில் டிவியில் பார்த்த எங்கள் கிளப் பெரியவர் ஒருவர், "நம்ம ஆட்டத்தைத் திருடிட்டுப் போய் ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சு ஆடுறானுங்க" என்றார். வட்டமான பொருள், சறுக்கு, மோதல், கோணம், உராய்வைக் குறைக்க ஒரு உபாயம்: அவர்களுக்குத் துடைப்பம், எங்களுக்கு பவுடர். வித்தியாசம் எடையில் இருக்கிறது. கர்லிங் கல் இருபது கிலோவை ஒட்டி வரும், ஸ்காட்லாந்துக் கரைக்கு அருகே ஐல்சா கிரெய்க் என்னும் ஆளில்லாத தீவிலிருந்து வெட்டியெடுத்த கருங்கல். எங்கள் ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 15 கிராம், பேரமில்லாமல் கொடுக்க மாட்டார் கடைக்காரர்.

ஆகையால் குழுவின் பரிசீலனைக்கு ஒரு திட்டம். ஸ்ட்ரைக்கரின் எடையை இருபது கிலோவாக உயர்த்திவிடலாம். போர்டை ஆல்ப்ஸ் மலையில் கொண்டுபோய் வைக்கலாம். பவுடரை அந்த ஆளில்லாத தீவிலிருந்தே இறக்குமதி செய்யலாம். அதற்குப் பிறகும் தகுதி போதாது என்றால், எங்கள் வட சென்னை வியாசர்பாடிக்கு ஒரு குதிரை.

திட்டம் நிறைவேறும்வரை விண்ணப்பப் படிவத்தைப் பற்றிப் பேசலாம். விருது வேண்டும் என்றால் விளையாட்டு வீரரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம் என்று வசதி செய்திருக்கிறீர்கள். அருமையான ஏற்பாடு. ஒருவர் மகத்தானவரா என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? 2024 பாரிஸில் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வென்று வந்த மனு பாக்கரின் பெயர் முதலில் பட்டியலில் இல்லை என்று செய்தி வந்து நாடே பதறியது. விண்ணப்பத்தில் தன் தரப்பில் ஏதோ விடுபட்டிருக்கலாம் என்று அந்தப் பெண்ணே சொல்ல வேண்டி வந்தது. பிறகு 2025 ஜனவரியில் கேல் ரத்னா கொடுத்துவிட்டீர்கள், சந்தோஷம். நாடு முழுக்க டிவியில் பார்த்த இரண்டு பதக்கமே படிவத்தில் தடுக்கி விழும் என்றால், யாரும் ஒளிபரப்பாத ஆட்டத்தின் கதி என்ன என்று எங்கள் பையன்கள் கேட்கிறார்கள். நான் பதில் சொல்லாமல் பவுடர் தூவிக்கொண்டிருக்கிறேன்.

'பயிற்சியாளர் பெயர்' என்று ஒரு கட்டம் வந்தாலே எங்கள் ஆட்கள் திகைத்து நின்றுவிடுவார்கள். ஏகலைவன் அந்தப் படிவத்தை நிரப்பியிருந்தால் 'துரோணர் (மண் சிலை)' என்று எழுதியிருப்பான். சரிபார்க்கும் அதிகாரி துரோணரிடமே கேட்டிருப்பார், அவர் கட்டைவிரல் ரேகையைக் கேட்டிருப்பார். பயிற்சியாளருக்கான விருதுக்குத் துரோணாச்சாரியா என்றும், வீரருக்கான விருதுக்கு அர்ஜுனா என்றும் பெயர் வைத்தவர்கள், கதையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் வைத்தார்களா என்பது என் நீண்ட நாள் சந்தேகம். விரலை நம்பிப் பிழைக்கும் ஆட்டக்காரர்கள் நாங்கள் என்பதால், இந்தப் பெயர்களைக் கேட்டாலே கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய்விடுகிறது.

குழுவை மொத்தமாகக் குறை சொல்லவும் மாட்டேன். 1970இல் பூப்பந்து ஆடிய பிச்சையாவைத் தேடிப் பிடித்து அர்ஜுனா கொடுத்தது இதே விருது முறைதான். தஞ்சாவூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆட்டம், கம்பளி நூல் பந்து, ஒலிம்பிக் வாசனையே கிடையாது. அவர் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2021 டிசம்பரில் காலமானார். அன்று குழுவில் இருந்தவர்கள் எந்தக் கடையில் கண்ணாடி போட்டார்கள் என்று விசாரித்து வைத்தால் உபகாரமாக இருக்கும்.

ஏனென்றால் பார்ப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். 2008இல் பிரான்சின் கான் நகரத்தில் உலகப் பட்டம் வென்றவர் வியாசர்பாடி இளவழகி. கான் என்றதும் சிவப்புக் கம்பளமும் நடிகைகளும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அந்த ஊருக்கு வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண் போய் ஜெயித்துவிட்டு வந்தார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தவர் காசிமா, சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். மாநில அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. பேட்டிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் "கேரமுக்கு உலகப் போட்டியெல்லாம் இருக்கா?" என்றுதான் ஆரம்பித்திருப்பார்கள் என்று பந்தயம் கட்டத் தயார். இருக்கிறது ஐயா. உலகச் சம்மேளனமே 1988இல் இதே சென்னையில் தொடங்கப்பட்டதுதான். உலகச் சம்மேளனத்தை நம் ஊரிலேயே பெற்றெடுத்த விளையாட்டு நமக்கே செய்தியாக இருப்பது ஒரு சாதனை. அதற்கும் ஒரு விருது யோசிக்கலாம்.

கடைசியாக, தங்களை அழைக்கிறேன். ஒரு சாயங்காலம் எங்கள் கொட்டகைக்குக் குழுவாக வந்து ஒரு போர்டு ஆட வேண்டும். விதிமுறைகள் எளிமையானவை. ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்த நாற்காலியை நகர்த்தக் கூடாது. இது தங்களுக்குச் சிரமமாக இராது. ரெட்டைப் போட்டால் உடனே இன்னொரு காயை ஃபாலோவாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் ரெட் நடுவுக்குத் திரும்பிவிடும். அறிவித்ததோடு வேலை முடிந்தது என்ற வழக்கம் இங்கே செல்லாது. ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால், ஜெயித்த காயில் ஒன்றை எடுத்துத் திருப்பி வைக்க வேண்டும். திருப்பி வைப்பதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள்: 2023 டிசம்பரில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் தன் கேல் ரத்னாவையும் அர்ஜுனாவையும் கர்தவ்ய பாதையின் நடைபாதையில் வைத்துவிட்டுப் போனாரே, கிட்டத்தட்ட அதே மாதிரி.

வரும் தேதியை முன்கூட்டித் தெரிவித்தால், வரிசையில் நிற்கும் பையன்களிடம் சொல்லி வைக்கிறேன். எதிரே உட்காரப்போகிறவள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், பரீட்சை நேரத்தில் அம்மா அனுப்ப மாட்டார்.

இப்படிக்கு,
போர்டைச் சுற்றி நிற்போரில் ஒருவன்,
வட சென்னை.

இணைப்பு: போரிக் பவுடர், ஒரு டப்பா. (ரசீது இல்லை.)