மாறுவேஷத்தில் வந்த அன்னம்

காவிரியின் கடைமடையில் பிறந்து, குறுவை, சம்பா, தாளடி என்ற பெயர்களைத் தாலாட்டோடு சேர்த்துக் கேட்டு, கூடத்து மூலையில் நின்ற பத்தாயத்தையும் குடும்பத்தின் மூத்த அங்கத்தினர்களில் ஒருவராகவே பாவித்து வளர்ந்த ஒரு மனிதனைப் பார்த்து, "இனிமே சோத்தைக் குறைச்சுக்குங்க" என்று சொல்வதற்கு எத்தகைய துணிச்சல் வேண்டும் என்பதை எங்கள் பக்கத்தில் தொழில் நடத்தும் வைத்தியர்களே அறிவார்கள். காரைக்காலுக்கும் எங்கள் திருவேட்டக்குடிக்கும் சில மைல் தூரந்தான். ஆனால் அந்த உபதேசத்தைக் கேட்டுக்கொண்டு நான் பஸ்ஸில் திரும்பி வந்த தினத்தில், சாலையின் இருபுறமும் பூட்டை தள்ளி நின்ற சம்பாப் பயிர் என் முகத்தில் விழிக்க விரும்பவில்லை என்றே எனக்குத் தோன்றியது.

உபதேசம் நிகழ்ந்த விதம் இது.

"மத்தியானம் எவ்வளவு சோறு சாப்பிடுவீங்க, ஐயா?" என்று கேட்டார் வைத்தியர். இளைஞர், விநயமானவர்.

"அளவாத்தான் சாப்பிடுவேன்."

"அளவுன்னா?"

"போதும்னு தோணுற வரைக்கும்."

உடன் வந்திருந்த என் சகதர்மிணி, இப்படியொரு சந்தர்ப்பத்தை வெகுகாலமாக எதிர்பார்த்திருந்தவள் ஆதலால், "குழம்புக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் டாக்டர்; மீன்குழம்பு வச்ச அன்னிக்குக் குழம்புக்கே ரெண்டு தரம்" என்று, குறுக்கு விசாரணைக்கு இடமில்லாமல் சாட்சியம் அளித்துவிட்டாள்.

வைத்தியர் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். வடித்த சோற்றில் 100 கிராமுக்குச் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. மேற்படி நான்கு தரத்தையும் ஒன்றாகக் குவித்தால் அரைக் கிலோவுக்குக் குறையாது. ஆகவே 140 கிராம். மனித மூளை ஒரு தினத்தில் செலவிடும் சர்க்கரையை ஆதாரமாகக் கொண்டு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 130 கிராம் மாவுச்சத்து போதுமென்று சத்துணவு சாஸ்திரிகள் நிர்ணயித்திருக்கிறார்களாம். அதாவது என் மூளைக்கு ஒரு நாள் முழுதும் வேண்டிய இந்தனத்தை நான் மத்தியான்னப் போஜனத்திலேயே தீர்த்துவிட்டு, காலை இட்டிலியையும் இராத்தோசையையும் யாருடைய மூளைக்காகவோ உட்கொண்டு வந்திருக்கிறேன். "இவுகளுக்கு அந்த 130-மே கூடுதல்தான் டாக்டர்" என்று என் மனைவி சொன்னதை வைத்தியர் குறிப்பில் எழுதிக்கொள்ளவில்லை என்பது ஓர் ஆறுதல்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மோகன் வைத்தியருடைய நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து தேசமெங்கும் நடத்திய பரிசோதனையின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. அதில் நீரிழிவு மிகுந்த பிரதேசங்களின் வரிசையில் கோவா 26.4 சதவீதத்தோடு முதலிடத்திலும், நாங்கள் அங்கமாயிருக்கும் புதுச்சேரி 26.3 சதவீதத்தோடு இரண்டாவது இடத்திலும் இருந்தன. ஒரு தசம புள்ளியில் முதற்பரிசைத் தவறவிட்ட எங்கள் பிரதேசத்தின் துயரத்தை என்னவென்று சொல்வது! அதே ஆராய்ச்சியாளர்கள், நம்மவர்கள் உடலுக்கு வேண்டிய சக்தியில் 60 முதல் 75 சதவீதம் வரை மாவுச்சத்திலிருந்தே பெறுகிறார்கள் என்றும், அதை 50, 55 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, காலியாகும் இடத்தைப் புரதத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். உடம்பை இளைக்க வைக்கும் பொருட்டு நாளொன்றுக்கு 1,500 கலோரிக்குள் நிற்க முயலும் ஒருவருக்கு இது சுமார் 190 கிராம் மாவுச்சத்து. சோற்றைத் துறந்து சந்நியாசம் வாங்க வேண்டிய அவசியமில்லை என்பதை இங்கே வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

ஆனால் குறைப்பது என்ற காரியம் நம்மவர்களுக்குப் பழக்கமில்லாதது. எங்கள் ஊர்ப் பெருமான் வேஷம் மாறுவதில் கீர்த்தி பெற்றவர். அர்ஜுனனுக்கு அருள்செய்ய வேடனாக வந்தார் என்றும், பரதவர் குலத்தில் அவதரித்த அம்பிகையை மணக்க வலைஞராக வந்தார் என்றும் தல புராணம் சொல்லும். மாசி மகத்தன்று அந்த வேடத் திருக்கோலத்தோடேயே கடலாடப் புறப்படுவார். நாங்கள் அவருடைய குடிபடைகள் என்பதாலோ என்னவோ, எங்கள் வீட்டு அன்னமும் வைத்தியருடைய ஆக்ஞையைக் கேட்ட மாத்திரத்தில் ஊரைவிட்டுப் போகாமல் வேஷத்தை மட்டும் மாற்றிக்கொண்டது.

அது முதலில் தரித்த வேஷம் சப்பாத்தி. "ராத்திரியில் நான் சப்பாத்திதான்" என்று சொல்லும் தமிழன் முகத்தில் தோன்றும் தவத்தின் களையைப் பார்த்திருக்கிறீர்களா? நாம் சப்பாத்தியை ஆகாரமாகக் கருதுவதில்லை, ஔஷதமாகவே கருதுகிறோம். ஔஷதமாகையால் எத்தனை உள்ளே போனாலும் ஆகாரக் கணக்கில் சேராது. துணைக்கு உருளைக்கிழங்குக் குருமாவும் ஔஷதத்தின் அனுபானமென்றே கொள்ளப்படும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணையோ பட்சபாதமில்லாதது. தீட்டிய பச்சரிசியில் 100 கிராமுக்கு 78 கிராம் மாவுச்சத்து; கோதுமை மாவில் 64; கேழ்வரகில் 67; சாமையில் 66-க்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் இரண்டு சப்பாத்தி அதிகமாகச் சாப்பிட்டால் காணாமற் போகும் வித்தியாசம்.

அதற்காகக் கோதுமையையும் கேழ்வரகையும் நான் பரிகசிக்கவில்லை. அவற்றின் மேன்மை நார்ச்சத்தில் இருக்கிறது: அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு, கேழ்வரகிலும் சலிக்காத கோதுமை மாவிலும் 11 கிராமுக்கு மேல். நார் இருந்தால் வயிறு சீக்கிரம் நிறையும். இரத்தத்தில் சர்க்கரை தாவிக் குதிக்காமல் நடந்து ஏறும். ஆயினும் 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகப் பிரகடனம் செய்ததற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவதரித்த சாமைப் பாயசம், வரகு முறுக்கு, கேழ்வரகு லட்டு முதலியவற்றை நான் அறிவேன். சிறுதானியத்தின் பெயரால் அவற்றில் கரைந்த வெல்லத்தையும் நெய்யையும் அந்தச் சபை அறிந்திருக்க நியாயமில்லை. சலிக்காத மாவைப் பற்றிச் சொன்னேனே, தெற்கே நாகூரில் கல்லில் புரளும் பரோட்டாவுக்கு அந்தப் பெருமையும் கிடையாது; அது மைதா. அதை இரவு வேளையில் "டிபன்" என்று சொல்லிக்கொள்கிறோம்.

பாரம்பரிய நெல்லும் ஒரு வேஷம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாக்கள் நடத்தி, மறைந்துபோக இருந்த நூற்றுக்கு மேற்பட்ட ரகங்களை மீட்டுக் கொடுத்துவிட்டு 2018-ல் காலமான நெல் ஜெயராமனுக்கு இந்த ஜில்லாக்கள் என்றென்றும் கடமைப்பட்டவை. உப்புக் காற்றடிக்கும் எங்கள் கரையோர நிலத்தில் சளைக்காமல் விளையும் குழியடிச்சான் என்ற ரகத்தை நானும் பக்தியோடு உண்கிறேன். ஆனால் இளவட்டக்கல்லைத் தூக்கும் வலிமையை மணமகனுக்குத் தரவேண்டுமென்று அந்தக் காலத்தில் ஊட்டிய மாப்பிள்ளைச் சம்பாவை, தெருக்கோடிக்கும் ஸ்கூட்டரில் போகும் என் போன்றவர்கள் இரண்டு தட்டு உண்டால், தூக்கக் கல் இல்லாத குறையை வயிறுதான் தீர்த்து வைக்கும்.

இந்த வேஷங்களையெல்லாம் ஒரேயடியாகக் கலைத்துவிட்டவர் என் மைத்துனர். சென்னையிலிருந்து வந்திருந்தார். "அத்தான், ஒரு பருக்கை கூடாது, கீட்டோ" என்று அறிவித்துவிட்டு, முட்டை, வெண்ணெய், பாலாடைக்கட்டி, வறுத்த வஞ்சிரம் ஆகியவற்றால் தேக யாத்திரையை நடத்தினார். அவர் வந்த சமயமோ ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையேறி நிற்கும் மீன்பிடித் தடைக்காலம். அக்கம்பேட்டையிலிருந்து வரும் மீன்காரம்மாள் வஞ்சிரத்துக்குச் சொன்ன விலையில், மைத்துனருடைய பத்தியம் என் பென்ஷனை இளைக்கச் செய்தது என்பதை நான் சாட்சியாக நின்று சொல்லமுடியும். மாவுச்சத்தை அப்படி அடியோடு நிறுத்துவது, சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் செய்யத் தகாத காரியம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த மார்க்கம் புதிதுமன்று. லண்டன் நகரத்தில் பாண்டிங் என்றொரு பெரியவர் இருந்தார். அரச குடும்பத்துச் சவ அடக்கங்களை நடத்திக் கொடுக்கும் தொழிலினர். மாடிப்படியில் பின்புறமாகத் திரும்பியே இறங்க வேண்டிய அளவுக்கு ஸ்தூல சரீரி. 66-வது வயதில், வைத்தியர் ஹார்வியின் யோசனைப்படி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை ஒதுக்கிச் சுமார் 20 கிலோ இளைத்து, அந்த வைபவத்தை 1863-ல் ஒரு சிறு பிரசுரமாக அச்சிட்டு உலகத்துக்கு வழங்கினார். மனிதர்களைப் பெட்டியில் வைத்து அனுப்பும் தொழில் செய்தவர், அவர்கள் அங்கே போய்ச் சேருவதைத் தாமதப்படுத்தும் உபாயத்தை இலவசமாகச் சொல்லிக் கொடுத்தது பரோபகாரத்தின் சிகரம் அல்லவா?

பாண்டிங் மார்க்கத்தார் ஒரு பக்கமும், கொழுப்பே சத்துரு என்பவர்கள் மறுபக்கமுமாக நடத்திய யுத்தத்தைத் தீர்க்க, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையார் 609 பேரை இரு கூறாகப் பிரித்து ஓர் ஆண்டு பார்த்தார்கள். 2018-ல் வெளியான முடிவு: மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரி 6 கிலோ இளைத்தார்கள், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ. பொருட்படுத்தத்தக்க வித்தியாசமில்லை என்று தீர்ப்பாயிற்று. இரண்டு கட்சியாருக்கும் பொதுவாக விதித்திருந்த நிபந்தனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: காய்கறியை நிறையச் சாப்பிடு, சர்க்கரையையும் தீட்டிய மாவையும் விலக்கு. சண்டையில் ஜெயித்தது கத்தரிக்காய்.

உண்மையாகவே சதையை முற்றும் உதறியவர் எங்கள் ஜில்லாவில் ஒருவர்தான். கணவன் அனுப்பிய மாங்கனிகளில் ஒன்றை, கறி சமைத்து முடியாத வேளையில் பசியோடு வந்த சிவனடியாருக்குச் சோற்றோடு படைத்த புனிதவதியார், பிற்பாடு இறைவனை வேண்டித் தசையெல்லாம் உதிர்த்துப் பேயுருக் கொண்டு காரைக்கால் அம்மையார் ஆனார். அதற்காக அவர் எந்தப் பத்தியமும் அனுசரித்ததாகச் சேக்கிழார் எழுதவில்லை. அவர் நினைவாக ஆனிப் பௌர்ணமியில் மாடிகளிலிருந்து மாங்கனிகளை வாரி இறைக்கும் மாங்கனித் திருவிழாவில், தலைமேல் விழுந்த பழத்தில் எத்தனை கிராம் சர்க்கரை என்று எண்ணிக்கொண்டு நிற்பவன் பக்தனும் அல்லன், ரஸிகனும் அல்லன்.

ஒன்றிரண்டு சகாயங்கள் அரிசியிடத்திலேயே இருக்கின்றன. நெல்லை ஊறவைத்து அவித்துக் குத்திய புழுங்கலரிசி, பச்சரிசியைக் காட்டிலும் நிதானமாகச் சர்க்கரையாகும். சோறு ஆறும்போது அதன் மாவில் ஒரு சிறு பகுதி இறுகி, எளிதில் ஜீரணமாகாத உருவத்தை அடைந்து, நாரின் உத்தியோகத்தைப் பார்க்கிறது; நீரூற்றி வைத்த பழைய சோறும் சின்ன வெங்காயமும் மூடத்தனம் அல்ல. 1948-ல் வைத்தியர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே பிற்காலத்தில் பழைய சோற்றையும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பகுதி சிறிது, மறவாதீர்கள். ஒரு குண்டான் பழையதைக் குடித்துவிட்டு விஞ்ஞானத்தின் மேல் பாரத்தைப் போடக்கூடாது.

எல்லாவற்றிலும் என்னை ஆச்சரியப்படுத்தியது உண்ணும் வரிசை. நியூயார்க்கில் 2015-ல் செய்து பார்த்திருக்கிறார்கள்: அதே ஆகாரம், அதே அளவு, காய்கறியையும் மாமிசத்தையும் முன்னால் உண்டு, ரொட்டியைப் பின்னால் உண்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது வெகுவாகக் குறைகிறது. நம் கல்யாணப் பந்தியிலோ முதலில் இனிப்பு, அதன்மேல் சோறு, இலையின் தலைப்பில் கட்டை விரல் அளவில் வைத்த பொரியல், தொட்டுக்கொள்ள. 1739-ல் காரைக்காலுக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள், 1954 நவம்பரில் இந்தியாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும்போது போலீஸாரின் சிவப்புத் தொப்பியை விட்டுச் சென்றார்கள்; தட்டில் பச்சைக் காய்கறியை முதலில் வைக்கும் தங்கள் வழக்கத்தை மட்டும் கவனமாகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆகையால், வருகிற தை மாதத்தில் எங்கள் பக்கத்தில் கல்யாணம் நடத்தப்போகும் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் அனைவருக்கும் என் விண்ணப்பம் ஒன்றுதான். பந்தியில் பரிமாற நிற்கும் பிள்ளைகளிடம், பொரியல் கரண்டியால் சோற்றையும், சோற்று அன்னவெட்டியால் பொரியலையும் போடச் சொல்லுங்கள். மறுசோறு கொண்டு வருகிறவரை மட்டும் என் வரிசைப் பக்கம் அனுப்பாதீர்கள்.