பெருநாள் பலகைக்காரர்

வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போன அந்தக் காலத்துச் சபுராளிகள் பெருநாளுக்கு நாகூர் வந்தால் பெட்டியில் அத்தர், கைலி, கோடாலித் தைலம் என்று ஏதாவது இருக்கும். இப்போது ஓ.எம்.ஆர். சபுராளி ஒருவர் கிளம்பியிருக்கிறார். வேலை சென்னையில், கம்ப்யூட்டர் முன்னால். ஊருக்கு அவர் கொண்டுவருவது அலைச்சறுக்குப் பலகை.

கோவளத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி எடுத்தவர். மூர்த்தி மேகவன் 2012-இல் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கிய ஊர் அது. அலையைச் சொல்லிக்கொடுக்கிற மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. அவர்கள் இவரிடம் கொடுத்தது ஒன்பதடி நீளமுள்ள மெத்தென்ற ஃபோம் பலகை. இவர் அதில் எழுந்து நின்றும்விட்டார். நிறுத்தியது பலகை; பெயரை இவர் எடுத்துக்கொண்டார். பிறகு 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கிய செய்தி வந்தது. சொந்தப் பலகை இல்லாமல் இனி ஒரு நாளும் தள்ள முடியாது என்றாகிவிட்டது.

பலகை வாங்குவதில் பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. அதன் பருமனை லிட்டரில் சொல்வார்கள். லிட்டர் கூடினால் மிதப்பு கூடும். எப்போதாவது கடலில் இறங்குகிறவருக்கு உடம்பு எத்தனை கிலோவோ ஏறக்குறைய அத்தனை லிட்டராவது வேண்டும். நீளம் எட்டடி, ஒன்பதடி. அகலமும் தடிப்பும் இருந்தால் சின்ன அலையையும் பிடிக்கும், ஆளை ஆட்டிக் கவிழ்க்காது. தினமும் அலையிலேயே கிடக்கிறவர்கள்தான் சட்டென்று திரும்புவதற்காக ஆறடிக்கும் குறைந்ததை எடுப்பார்கள்.

நம்மவர் எடை 84 கிலோ. வாங்கியது ஐந்தடி பத்தங்குலம், 27 லிட்டர்.

“ஒன்பதடியெல்லாம் கத்துக்குட்டிக்கு மாமா. நாளைக்கே நான் தேறிட்டேன்னா அது வேஸ்ட்டுதானே?”

இந்த ‘நாளைக்கே’யில்தான் ஆளே இருக்கிறார். டிரெட்மில்லில் துண்டு காயப்போடுகிறவரும், பெரிய லென்ஸ் கேமரா வாங்கிவிட்டு மொபைலில் படம் எடுக்கிறவரும் இவருக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஆகப்போகிற ஆளுக்கு அளவெடுத்து, இப்போதிருக்கிற ஆளின் சம்பளத்தில் வாங்குவது குடும்ப வழக்கம். ஐந்தடி பத்தங்குலம் ரயில் பெர்த்தில் அடங்கும் என்பது வெளியே சொல்லாத காரணம். காரைக்கால் எக்ஸ்பிரஸில் பலகை மேல் பெர்த்தில் படுத்து வந்தது. இவர் கீழே உட்கார்ந்து வந்தார்.

வாசலிலேயே உம்மா கேட்டார்: “என்ன வாப்பா இது, இஸ்திரி போடுற பலகையா?”

வழுக்காமல் இருக்கப் பலகையில் மெழுகு தேய்க்க வேண்டும். வெப்பக் கடலுக்கு ஒன்று, குளிர்க் கடலுக்கு ஒன்று என்று மெழுகிலும் வகை உண்டு. தள்ளுபடியில் கிடைத்ததால் இவர் குளிர்க் கடலுடையதை வாங்கியிருந்தார். வட்டவட்டமாகத் தேய்த்து மொட்டைமாடியில் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது மெழுகு உருகி வழிந்து, தர்கா புறாக்களின் இறகு நாலைந்து ஒட்டியிருந்தது.

அசர் தொழுகை முடிந்து சில்லடிக் கடற்கரைக்குப் புறப்பட்டார். தெருவே பின்னால் போனது.

நாகூர் கடல் இவருக்காக அலை அடிப்பதில்லை. தெற்கே இந்துமாக்கடலிலிருந்து வரும் நீண்ட அலையை இலங்கை குறுக்கே படுத்து மறித்துக்கொள்கிறது. அந்த அலைக்காக அங்குள்ள அறுகம்குடாவில் வெளிநாட்டுக் கூட்டம் காத்துக் கிடக்கிறது. நமக்கு மிஞ்சுவது வாடைக் காலத்தில் காற்றடித்துக் கலைந்து வரும் அலை. மற்ற நாளில் முழங்கால் உயரத்துக்கு எழுந்து கரையோரம் மொத்தமாகச் சரியும் அலை. இதற்கெல்லாம் நீளப் பலகைதான் சரிப்படும்.

பட்டினச்சேரிப் பெரியவர் ஒருவர் வலையை விட்டு எழுந்து வந்தார். கட்டுமரத்தில் நின்றபடியே அலை தாண்டிப் போன தலைமுறை. பலகையைத் தூக்கிப் பார்த்தார், விரல் கணுவால் இரண்டு தட்டு தட்டினார், பிறகு இவரை மேலிருந்து கீழே ஒரு பார்வை.

“தம்பி, இது ஒங்கள ஏத்தாதே.”

“இல்லண்ணே, இது புரோ மாடல்.”

இறங்கினார். படுத்தார். பலகை அடியில் போனது. நெஞ்சளவு தண்ணீரில் பலகை மேல் ஆள் கிடக்கிறார் என்று கரைக்குத் தெரிந்ததே காலையும் பலகையையும் சேர்த்துக் கட்டிய கயிற்றால்தான். மூன்றாவது அலை அவரை மட்டும் கரையில் சேர்த்தது. நாலாவது பலகையையும் கொண்டுவந்து முழங்காலில் வைத்தது. மணலைத் துப்பிக்கொண்டே அவர் அறிவித்தார்: “அடியில இருக்குற ஃபின் செட் சரியில்ல.”

பெரியவரின் பேரன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். மிஞ்சிப்போனால் முப்பது கிலோ இருப்பான். மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடியில் அலை ஏறிப் பழகியவன். “அண்ணே, ஒரு ரவுண்டு?” என்றான். கொடுத்தார். பையன் படுத்தான், நாலு கை போட்டான், எழுந்தான், நின்றபடியே கரை வரைக்கும் வந்தான்.

தெரு கைதட்டியது. நம்மவர் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டு பெரியவர் பக்கம் திரும்பினார்.

“பாத்தீங்களாண்ணே? நான் எடுத்த பலகை நல்ல பலகைதான்!”