டிம்மருக்கு ஐந்து மதிப்பெண்

மேடைத் தொழில்நுட்பத்தைப் பதினொன்றாம் வகுப்புக்குப் பாடமாக்கிய பள்ளியைப் பாராட்டியே ஆகவேண்டும். பார் லைட், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர், ஒலி மிக்சர் எல்லாம் வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடுமே! டிம்மரை ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் வரைந்து பாகம் குறித்தால் செய்முறைத் தேர்வு முடிந்தது. ‘இலங்கேஸ்வரன்’ நாடகத்தில் அத்தனை மேடை ஜாலம் காட்டிய ஆர்.எஸ். மனோகர், பாவம், ஒரு பாகமாவது குறித்திருப்பாரா?

ஆண்டு விழாவில் மைக் ‘கொய்ய்ய்’ என்று அலறியது. முதல் மதிப்பெண் மாணவி எழுந்து, அந்த அலறலுக்குப் பெயரான ஃபீட்பேக் என்றால் என்ன என்பதைக் காற்புள்ளி பிசகாமல் ஒப்பித்தாள். தலைமை விருந்தினர் கண்கலங்கினார். அலறல் நிற்கவில்லை. மைக்செட் கடைப் பையன் வந்து, மைக்குக்குப் பின்னாலிருந்த ஸ்பீக்கரை முன்னால் நகர்த்தினான், நின்றது. விசாரித்தால், போன ஆண்டு இதே பாடத்தில் தவறியவனாம். தேர்வின் தரத்துக்கு வேறென்ன சான்று வேண்டும்?