டப்பாவைப் பார்த்து முகம் சுளிக்கும் கன்சோல்

கேள்வி: கணினியில் சேர்த்து வைத்த படங்களை, டி.வி.யோடு இணைத்த கேம் கன்சோலில் பார்க்க முடியுமா?

பதில்: முடியும், கன்சோல் மனது வைத்தால். கணினியில் ஒரு மீடியா சர்வர் மென்பொருள் ஓட வேண்டும். இரண்டும் ஒரே ரவுட்டரில் இருக்க வேண்டும். டி.எல்.என்.ஏ. என்ற பொது விதிமுறைப்படி சர்வர் தன் இருப்பை அறிவிக்கும். கன்சோல் படப் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3-க்கு இந்த வசதி மறு ஆண்டு அப்டேட்டில்தான் கிடைத்தது.

வம்பெல்லாம் கோப்பு வகையில். எம்.கே.வி. என்பது வெறும் டப்பா; உள்ளே இருப்பது பெரும்பாலும் கன்சோலுக்கு நன்கு பழக்கமான எச்.264 வீடியோதான். ஆனாலும் பிளேஸ்டேஷன் 3 டப்பாவைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பி.எஸ்.3 மீடியா சர்வர் என்ற இலவச மென்பொருள், படம் ஓட ஓடவே டப்பாவை மாற்றித் தரும். அது பெரிய வேலையல்ல. வீடியோவையே மாற்ற வேண்டி வந்தால்தான் பிராசஸருக்கு மூச்சு வாங்கும். பழைய கணினியில் சண்டைக் காட்சிகூட நின்று நிதானித்து நடக்கும். வை-ஃபை தடுமாறினால் கேபிளே கதி.

2013-இல் பிளேஸ்டேஷன் 4 டி.எல்.என்.ஏ. வசதியே இல்லாமல் வந்தது. 2015-இல் சோனி தனி மீடியா பிளேயர் செயலி கொடுத்தது, அதில் எம்.கே.வி.யும் ஓடியது.