பக்கத்து நாட்டுக்காரன் படையெடுத்தால்

கேள்வி: சிவிலைசேஷன் 6 விளையாட்டை டீட்டி எனும் மிகக் கடினமான நிலையில் ஆடினால், ஆரம்பத்திலேயே பக்கத்து நாட்டுக்காரன் ஊரைப் பிடித்துவிடுகிறானே! பிழைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் உலக அதிசயம் கட்டும் ஆசையை மூட்டை கட்டிவிடுங்கள். நீங்கள் ஒரே ஒரு குடியேறிக் கூட்டத்தோடு தொடங்கும்போது அவன் மூன்றோடு வந்து பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். சண்டை என்று வந்தால் அவன் படைக்கு 4 புள்ளி கூடுதல் பலம் வேறு! நேருக்கு நேர் மோதினால் நம் மண்டைதான் உடையும்.

அறிமுகமான கையோடு 25 தங்கம் செலவழித்துத் தூதுக்குழு அனுப்புங்கள். மொய் வைத்த வீட்டில் கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசுவார்கள். அடுத்து, இரண்டு கவண்காரர்கள். அவர்களில் ஒருவர் கையால் ஓர் எதிரி விழுந்தாலே வில்வித்தை சீக்கிரம் கைகூடும்.

அதன்பின் வில்லாளிகள்தான் உங்கள் குலதெய்வம். ஆற்றுக்கு இந்தப் பக்கம், மேட்டின் மேல் மூன்று பேரை நிறுத்துங்கள். அம்பு இரண்டு கட்டம் பாயும். ஆற்றைக் கடந்து தாக்குகிறவனுக்குப் பலம் குறையும். மூவரும் ஒரே ஆளைக் குறிவைத்துச் சாய்க்க வேண்டும். மூன்று பேருக்குக் காயம் மட்டும் கொடுத்தால் மூவரும் திருப்பி அடிப்பார்கள்! மதிலும் எழுப்பிவிட்டால் ஊரே அம்பு எய்யும்.

படை கரைந்ததும் அவனே சமாதானம் பேச வருவான். ஒத்துக்கொள்ளுங்கள், வில்லாளிகளை மட்டும் கலைத்துவிடாதீர்கள்.