சூத்திரத்தின் உள்ளே என்ன?

கேள்வி: இணையத்தில் பின்னமும் வர்க்கமூலமுமாக அழகாகத் தெரியும் கணிதச் சூத்திரங்களை எப்படி எழுதுகிறார்கள்? எட்டிப் பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. சுவர் ஏறிக் குதிக்க வேண்டாம், மவுஸின் வலது பொத்தானே போதும்! பல கணிதத் தளங்கள் மேத்ஜாக்ஸ் என்ற மென்பொருளால் சூத்திரங்களைக் காட்டுகின்றன. அங்கே சூத்திரத்தின் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். விரியும் பட்டியலில் 'ஷோ மேத் ஆஸ்', அடுத்து 'டெக்ஸ் கமாண்ட்ஸ்' என்று போனால் மூலக் குறியீடு கைகட்டி வந்து நிற்கும்.

அந்தக் குறியீட்டின் மொழியான டெக்ஸ், டொனால்ட் நூத் என்ற கணினி மேதையின் கோபத்தில் பிறந்தது. தம் புத்தகத்தின் அச்சுப் படிகள் அலங்கோலமாக வந்ததைப் பார்த்து, 1977இல் தாமே அச்சுக்கோப்பு மென்பொருள் எழுத உட்கார்ந்தார். சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. பலனை உலகத்துக்கு இலவசமாகவே கொடுத்தார். கோபப்பட்டால் இப்படிப் பட வேண்டும்!

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: சூத்திரத்தைப் படம் பிடித்து ஒட்டாதீர்கள், குறியீட்டை எடுத்து எழுதிப் பழகுங்கள். படத்தைத் திருத்த முடியாது, குறியீட்டைத் திருத்தலாம். முறையாக எழுதிய சூத்திரத்தைத் திரைவாசிப்பான் பார்வையற்றவர்களுக்கு வாசித்தும் காட்டும். கணக்கு எல்லோருக்கும் சொந்தமல்லவா?