கனடா பென்ஷனைக் கைநழுவ விடுவது எப்படி? பெண்ணாடத்துப் பெற்றோருக்கு எளிய வழிகாட்டி

பையன் பிராம்ப்டனில் வீடு வாங்கிவிட்டான். நீங்களும் பெண்ணாடம் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பப்போகிறீர்கள். கவலையே வேண்டாம், கீழே உள்ளபடி செய்யுங்கள்.

1. 65 வயதானால் அங்கே கவர்மெண்டே பணம் போடும் என்று ரயிலில் எவராவது சொல்லியிருப்பார். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்து வருஷம் குடியிருந்திருக்க வேண்டும், முழுத்தொகைக்கு நாற்பது வருஷம் என்பதெல்லாம் காதில் விழக்கூடாது. 62 வயதில் போய் இறங்குகிறவருக்கு 72இல் கால்பங்குதான் என்று கணக்குப் போட்டால் பயணமே கசந்துவிடும்.

2. சூப்பர் விசாவில் போங்கள். ஒரே மூச்சில் ஐந்து வருஷம் இருக்கலாம். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடலாம், வாசலில் பனி தள்ளலாம். "பாதி முடிந்தது" என்று விரல்விட்டு எண்ணுங்கள். அது விருந்தாளி விசா, நிரந்தர வசிப்புரிமை அல்ல என்று சொல்பவரோடு பேச்சைக் குறையுங்கள்.

3. இதுதான் முக்கியமான படி. இறையூர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தீர்கள் அல்லவா? அந்த பி.எஃப். சீட்டு, பென்ஷன் ஆர்டர், ஆலை கொடுத்த சர்வீஸ் சர்டிபிகேட் எல்லாம் பரணில் மஞ்சள் பையில் கிடக்கும். போகியன்று எரித்துவிடுங்கள். 2015 ஆகஸ்டிலிருந்து இந்தியாவுக்கும் கனடாவுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. இங்கே பென்ஷனுக்குப் பணம் கட்டிய வருஷங்களை அந்தப் பத்து வருஷத் தகுதிக்குச் சேர்த்துக்கொள்வார்கள். தொகை மட்டும் அங்கே இருந்த வருஷத்துக்குத்தான். அந்தக் காசுக்கு ஒரு மஞ்சள் பையை எவர் சுமப்பது? கூடவே பழைய பாஸ்போர்ட்டையும் நெருப்பில் போடுங்கள். எப்போது போனீர்கள், எப்போது வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டால் "பனிக்காலத்தில்" என்று சொன்னால் போதும்.

4. உங்களை நிரந்தரமாக வரவழைக்க ஸ்பான்சர் செய்யும்போது பையன் 20 வருஷத்துக்கு உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அதைப் படித்துப் பார்க்காதீர்கள். மருமகளிடம் மட்டும், "எனக்குத்தான் கவர்மெண்ட் கொடுக்குமே" என்று அடிக்கடி சொல்லுங்கள்.

5. பென்ஷன் வர ஆரம்பித்துவிட்டதா? விருத்தாசலம் மாசி மகத்துக்கு வந்து ஐப்பசி வரை உட்காருங்கள். இருபது வருஷம் குடியிருக்காதவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பணம் நின்றுவிடும். நிற்கட்டும். நம் வீட்டுக் காற்று அங்கே கிடைக்குமா?

6. விண்ணப்பத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். எத்தனை தாமதமானாலும் பின்தேதியிட்டுப் பதினொரு மாதம்தான் கொடுப்பார்கள் என்று கடிதம் வந்தால் பேரனிடம் கொடுங்கள். பின்பக்கம் வெற்றுத்தாள், டைனோசர் வரைய வாகாக இருக்கும்.